படிக்கத்தில் துப்பும் உத்தியோகம்

அல்சூர், பெங்களூரு.
மாசி 15.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் அப்பாச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு உரத்து வாசிப்பதற்கு முன் ஒருமுறை தனியாக வாசித்துவிடுங்கள். தொலைபேசியில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் அதை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுக் கதைக்கிறீர்களே, நான் இருமினால்கூடச் சின்னம்மா வீட்டுக்குக் கேட்கிறது.

இறக்குமதிக் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை என்று சொல்லித்தான் வந்தேன். அது பொய்யில்லை. என்ன இறக்குமதி என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வைன், அப்பா. அதுவும் கடந்த ஐப்பசியிலிருந்து கணக்கு மேசையை விட்டுச் சுவைக்கும் மேசைக்கு வந்துவிட்டேன். உங்கள் மகள் காலை பத்து மணிக்குச் சிவப்பு வைன் வாயில் வைத்துச் சம்பளம் வாங்குகிறாள்.

கோபப்படாமல் மிச்சத்தையும் வாசியுங்கள். குடிப்பதில்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, கொஞ்சம் காற்றையும் சேர்த்து உறிஞ்சித் துப்பிவிட வேண்டும். துப்புவதற்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அப்பாச்சியின் படிக்கமேதான்! பித்தளைக்குப் பதில் உருக்கு, வெற்றிலைச் சாற்றுக்குப் பதில் வைன், நிறத்தில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குறி தவறாமல் துப்புவதில் இப்போது மேசையில் நான்தான் கெட்டிக்காரி. அப்பாச்சியிடம் இதை மட்டும் சொல்லலாம்.

எங்கள் மேசைத் தலைவர் கோலார் தங்கவயல் தமிழர். 2001இல் சுரங்கம் மூடியபோது குடும்பத்தோடு இங்கே வந்தவர். வந்த புதிதில் ஒருநாள் சோமேசுவரர் கோயில் வாசலில் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, பூ வெளியே இருக்கட்டும், நீங்கள் உள்ளே வாருங்கள்" என்றார். பூ வாசனை இருந்தால் போத்தலின் வாசனை தெரியாதாம். இன்னொரு நாள் எல்லோரையும் கபர்னே சோவினியோன் என்ற வகை முந்திரிகையில் செய்த ஒரு சிவப்பு வைனை முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். ஆளாளுக்குப் புத்தகத்தில் படித்த ஐரோப்பியப் பழங்களின் பெயர்களைச் சொன்னார்கள். கணக்குக் கொப்பியோடு வாசலில் நின்ற நான், "கறிமிளகாயைக் கீறினால் வரும் மணம்" என்று சொல்லிவிட்டேன். கறிமிளகாய் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. குடைமிளகாய் என்று மாற்றிச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். சரியாகப் பழுக்காத அந்த வகைப் பழத்தில் அந்த மணம் வருமாம். அடுத்த கிண்ணத்தில், "வாழைப்பொத்தி நறுக்கிய கையை நக்கினதுபோல்" என்றேன். அந்தத் துவர்ப்பைத்தான் இவர்கள் டானின் என்கிறார்கள். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணி வைத்திருப்பதை இங்கே பயிற்சி கொடுத்து அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. மறுவாரமே என்னை மேசைக்கு மாற்றினார்கள்.

சொற்கள்தான் இங்கே பெரிய வேடிக்கை. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் முக்கால்வாசிக் கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் "அரைக் கிலோ முந்திரிகை" என்று கேட்டேன். கஜுவை நிறுத்துப் பொட்டலம் கட்டி, மயக்கம் வரும் விலையைச் சொன்னார் கடைக்காரர். நம் முந்திரிகை இவர்களுக்குத் திராட்சை. நம் கஜு இவர்களுக்கு முந்திரி. வெட்கத்தில் கஜுவையே வாங்கிக்கொண்டு வந்தேன். இனி இந்தக் கடிதத்தில் நான் எழுதும் முந்திரிகை எல்லாம் நம் முந்திரிகைதான்.

போன மாதம் தொட்டபள்ளாபுரம் பக்கம், நந்திமலை அடிவாரத்துத் தோட்டங்களைப் பார்க்க அழைத்துப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது மண்ணைத்தான். யாழ்ப்பாணத்தில் நம் உரும்பிராய்ச் செம்பாட்டு மண் மாதிரியே இருந்தது. கன்வல் குரோவர் என்ற பஞ்சாபி வியாபாரி, தொழில் காரணமாகப் பிரான்சுக்குப் போய்வந்தவர், வைன் பைத்தியம் பிடித்து, ஜார்ஜ் வெசெல் என்ற, பிரான்சின் ஷம்பெய்ன் பகுதி வைன்காரரோடு சேர்ந்து இந்தியாவில் இடம் தேடி அலைந்து, கடைசியில் இந்த மண்ணில் 1988இல் கொடி நட்டார். முதல் வைன் 1992இல் வந்தது. அவர்களுடைய லா ரிசர்வ் என்ற சிவப்பு வைனைச் சுவைத்தேன். கபர்னேயும் ஷிராஸ் என்ற இன்னொரு வகை முந்திரிகையும் கலந்தது. ஷிராஸ் இருந்தால் மிளகு மணம் லேசாக மூக்கில் ஏறும்.

கொடிகளை நம்மைப்போல் தலைக்கு மேல் பந்தல் போட்டுப் படர விடவில்லை. வேலிபோல் கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் "வெயிலில் பழத்தைச் சுட வைக்கிறார்கள்" என்று ஏசுவீர்கள். பனிக்காலம் இல்லாததால் இங்கும் கொடி உறங்குவதில்லை. வருடத்தில் இரண்டு முறை கவ்வாத்து, அறுவடை ஒன்றுதான், தை முதல் பங்குனி வரை. இரண்டாவது அறுவடையை ஏன் விடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. மழைக்காலத்துப் பழத்தில் வைன் எடுத்தால் தண்ணீராகத்தான் இருக்கும், அப்பா.

பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் என் கையாலேயே வேலை செய்ய விட்டார்கள். கறுத்த பழத்தைப் பிழிந்தாலும் சாறு வெளிறித்தான் இருக்கும், நிறம் முழுவதும் தோலில். அதனால் சிவப்பு வைனுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோல்களையெல்லாம் மேலே தள்ள, தொட்டியின் வாயில் கனத்த பாய்போல் மிதக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அதைக் கீழே அமுக்க வேண்டும். நீளத் தடியால் அமுக்கினேன். முதலில் அசையவில்லை. உடம்பின் பாரத்தைக் கொடுத்ததும் பொசுக்கென்று உடைந்து, அடியிலிருந்து கத்தரிப்பூ நிற நுரை பொங்கி வந்தது. பின்னேரம் கள்ளுமுட்டி இறக்கும்போது வளவுக்குள் வருமே, அந்தப் புளித்த மணம். கையில் ஏறிய நிறம் மூன்று நாள் போகவில்லை. அல்சூர் வீட்டுக்கார அம்மா நான் துணிக்குச் சாயம் போடுகிறேன் என்று நினைத்தார், நானும் திருத்தவில்லை.

நாசிக்கின் சூலா பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சாமந்த் தொடங்கியது. அம்மா சுலபாவின் பெயரைத்தான் சுருக்கி வைத்தார். எனக்குப் பிடித்தவை வெளிநாட்டுக் கதைகள். ஆஸ்திரேலியாவில் பென்ஃபோல்ட்ஸ் என்ற தோட்டத்தை 1844இல் நட்டவர் ஒரு வைத்தியர். சோகை பிடித்த நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கத்தான் வைன் செய்தார். (அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கலாம்.) நூறு வருடம் கழித்து அங்கே மாக்ஸ் ஷூபர்ட் என்ற வைன்காரர், பிரான்சின் போர்தோவில் பார்த்துவந்த முறையில், வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கக்கூடிய கிரேஞ்ச் என்ற வைனை 1951இல் செய்து பார்த்தார். முதலாளிகளுக்குச் சுவை பிடிக்கவில்லை, 1957இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மனிதர் வாய் திறக்காமல் 57, 58, 59 மூன்று வருடமும் ஒளித்துச் செய்தார்! பழைய போத்தல்கள் முதிர்ந்து சுவை கூடியதும் 1960இல் முதலாளிகளே திரும்பச் செய்யச் சொன்னார்கள். இன்று அந்த நாட்டின் மிகப் பேர்பெற்ற வைன் அதுதான்.

சிலியில் ஒரு கதை உங்களுக்காகவே நடந்ததுபோல் இருக்கிறது. கொன்சா இ தோரோ என்ற தோட்டக்காரரின் நிலவறையில் நல்ல போத்தல்களாகக் களவு போய்க்கொண்டிருந்ததாம். அவர் காவல் போடவில்லை. உள்ளே பிசாசு இருக்கிறது என்று கதை கட்டிவிட்டார். களவு நின்றுவிட்டது. இன்றும் அந்த வைனின் பெயரே பிசாசின் நிலவறை. கள்ளு களவு போகாமலிருக்க வடக்குப் பனங்காட்டில் முனி நிற்கிறது என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தீர்களே, நீங்களும் ஒரு போத்தலுக்குப் பெயர் வைத்திருக்கலாம்.

சரி, நான் எழுத வந்த விஷயம் இது. 1860களிலிருந்து பிரான்சின் கொடிகளை வேர்ப்பூச்சி ஒன்று தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடிகளோடு வந்த பூச்சி. கடைசியில் அமெரிக்க வேரிலேயே பிரெஞ்சுத் தடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். அந்த அழிவுக்குப் பிறகு கார்மனேர் என்ற முந்திரிகை வகையைப் போர்தோவில் மறுபடி நடாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே அதன் தடிகள் சிலிக்குப் போயிருந்தன. அங்கே நூறு வருடத்துக்கு மேலாக மெர்லோ என்ற வேறு வகை என்று நினைத்து வளர்த்திருக்கிறார்கள். 1994இல் ழான் மிஷேல் புர்சிகோ என்ற பிரெஞ்சு வல்லுநர் தோட்டத்தில் நடந்து போகும்போது கொடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லை என்று சொன்னார்.

அதைக் கேட்டபோது நம் கிணற்றடிக் கொடி ஞாபகம் வந்தது. 1995 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பந்தல் விழுந்து இஸ்ரேல் புளூ முந்திரிகை அவ்வளவும் கருகிக் கிடக்க, அப்பப்பா நட்ட அந்த ஒரு கொடி மட்டும் பச்சையாக நின்றது என்று சொல்வீர்களே. அதன் பழம் தடித்த தோல், வாயில் போட்டால் சதை வழுக்கிக்கொண்டு தனியே வரும், வாசனை அதிகம். இங்கே பெங்களூர் புளூ என்று ஒரு கறுத்த பழம் உண்டு, 2013இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதைக் கடித்த நிமிடம் கிணற்றடியில் நின்றேன். அது பாதி அமெரிக்க இரத்தம் உள்ள கொடி. நல்ல வைனுக்கு உதவாது என்று மேசையில் இளக்காரமாகச் சொல்வார்கள், அதில் எனக்குச் சம்மதமில்லை.

தலைவரிடம் கேட்டேன். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளிபோல் மெல்லிய மயிர் இருந்தால் அந்த அமெரிக்கச் சொந்தம். வழுவழுப்பாகப் பச்சையாக இருந்தால் வேறு ஏதோ, அப்போது இன்னும் விசாரிக்க வேண்டும்.

பங்குனியில் வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் பெரியம்மாவிடம் தோலகட்டி ஆச்சிரமத்து வைன் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள், மேசையில் வைத்து இவர்கள் வாயைப் பார்க்க வேண்டும். இலையையோ தடியையோ மட்டும் கொடுத்துவிட வேண்டாம். பிரான்சுக்குப் பூச்சி அப்படித்தான் போனது. இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் போதும். இலையைத் திருப்பிப் பிடிக்க அம்மாவைக் கூப்பிடாதீர்கள், எதற்கு என்று கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகள்.