அடோ யானைகளுக்கு ஏன் தந்தம் இல்லை

அன்புள்ள கோவிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி. இங்கே போர்ட் எலிசபெத்தின் மலபாரிலும் புரட்டாசி விரதம் நல்லபடியாக முடிந்தது. என் மூட்டுவலி பரவாயில்லை.

வேட்டைக்காரர்களுக்குப் பயந்து நம் தென்னாப்பிரிக்காவின் அடோ பூங்கா யானைகள் தந்தம் வளர்ப்பதை விட்டுவிட்டனவா என்று பேத்தி கேட்டாளாமே. அப்படி இல்லை என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடு. பயந்தோ விரும்பியோ எந்த யானையும் தன் உடம்பை மாற்றிக்கொள்ள முடியாது. மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காகவே யானைகளைச் சுட்டார்கள். பத்தில் ஒன்பது அழிந்தன. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு, ஆனால் பிறவியிலேயே அது இல்லாத பெண் யானையைச் சுட்டு யாருக்கு லாபம்? அவை பிழைத்துக் குட்டி போட்டன, தாயின் குணம் மகள்களுக்கும் வந்தது. முன்பு பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமற்றவை, போருக்குப் பின் பாதியளவுக்கு உயர்ந்துவிட்டன. 2021இல் வந்த ஆய்வுப்படி அந்தக் குணம் எக்ஸ் குரோமோசோமில், அதாவது ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள மரபு இழையில் இருக்கிறது. அதைப் பெறும் ஆண் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறதாம். அதைப் படித்த அன்று எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை.

நம் அடோ கதை வேறு. அங்கே 1919-20இல் பிரிட்டோரியஸ் என்ற வேட்டைக்காரர் கொன்றது தந்தத்துக்காக அல்ல. பண்ணைக்காரர்களின் புகாரால் யானைகளையே ஒழிக்க அனுப்பப்பட்டவர் அவர், நூற்றுக்கும் மேல் கொன்றார். 1931இல் பூங்கா தொடங்கியபோது மிஞ்சியவை 11. அவற்றில் எட்டுப் பெண் யானைகள், அதில் பாதிக்குத் தந்தம் இல்லை. அந்தப் பாதிக்கு வேண்டுமானால் முந்தைய காலத்துத் தந்த வேட்டை காரணமாக இருக்கலாம். ஆனால் 1954இல் உறுதியான வேலி வந்து, உள்ளே வேட்டை பயமே இல்லாமல் போன பிறகும் தந்தமற்றவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போய், 2000 வாக்கில் பெண்களில் 98 சதவீதத்தை எட்டியது. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் எந்தத் தாயின் வம்சம் பெருகுகிறது என்பது தற்செயல்தான். அந்தத் தற்செயலே ஒரு குணத்தைக் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். எதைக் கண்டாலும் இயற்கைத் தேர்வு என்று சொல்லிவிடக் கூடாது, இதில் நான் பிடிவாதக்காரன். 2003இல் குரூகர் பூங்காவிலிருந்து ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், புது ரத்தம் கலக்கட்டும் என்று. நல்ல காரியம்.

டிசம்பரில் பேத்தியோடு வா, அடோவுக்குப் போவோம். வண்டியில் ஆரஞ்சுப் பழம் மட்டும் வேண்டாம். முன்பு யானைகளுக்கு அதைக் கொட்டிப் பழக்கிவிட்டார்கள், அதனால் உள்ளே கொண்டுபோக இன்னும் தடை.

அன்புடன்,
பெருமாள்