சொன்னால் செய்வது பங்கீடு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வேலையைப் பகிர்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டது. ஆனால் பாத்திரம் ஒருவர், துணி ஒருவர் என்று அது தரும் பட்டியல் கையால் செய்யும் வேலையை மட்டுமே பிரிக்கிறது. அந்த வேலைகள் யார் தலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கட்டுரை கேட்கவில்லை.

குழந்தையின் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். தவணையை நினைவில் வைத்து, அட்டையைத் தேடி எடுத்து, யாருக்கு விடுப்பு தோதுப்படும் என்று பார்த்து, இரவு காய்ச்சல் வந்தால் மருந்து இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க" என்கிறார் ஒருவர். மற்றவர் போய் வருகிறார். பட்டியலில் அது அவர் செய்த வேலை. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதியரிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூளை உழைப்பை நான்காகப் பிரித்தது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுப்பதில் பெரும்பாலும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் பெண்ணிடமே அதிகம் தங்கியிருந்தன. "எல்லாம் பேசித்தான் முடிவு பண்றோம்" என்னும் வீட்டிலும் ஒருவர் மட்டும் ஓய்ந்துபோவது இதனால்தான்.

ஆகவே ஒரு வேலையைக் கைமாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே ஒரு வேலையோடு தொடங்கலாம். கட்டணம் கட்டுவது, பழுது பார்ப்பதெல்லாம் தள்ளிப்போடக்கூடியவை. அவற்றைக் கொடுத்தால் யார் மாலைப் பொழுதும் விடுபடாது. தினமும் நேரத்துக்கு வந்து நிற்கும் வேலையாக இருக்கட்டும். அதே சமயம் ஒருநாள் தவறினால் ஆபத்தில்லாததாகவும் இருக்கட்டும். தடுப்பூசியில் பழகிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு செய்தால் போதும் என்பதை முதலிலேயே இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். தெரிந்த விவரத்தையெல்லாம் ஒரே தடவை உட்கார்ந்து ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு நினைவூட்டவே கூடாது. நினைவூட்டிய கணமே கவனிக்கும் பொறுப்பு பழைய ஆளிடம் திரும்பிவிடுகிறது. பல வீடுகளில் முயற்சி முறிவது இங்கேதான்: ஒருவர் பொறுக்காமல் அதே வேலையைத் திரும்பச் செய்கிறார், மற்றவர் "நான் செஞ்சா பிடிக்காது" என்று ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டு மூன்று வாரத் தடுமாற்றத்தை இருவருமே தாங்கித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களின் உணர்வுகளைக் கவனித்துக்கொள்ளும் மன உழைப்பைப் பிரிப்பது இன்னும் கடினம். பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிப்பதற்குக் கால அட்டவணை போட முடியாது. ஆனால் அவரவர் பெற்றோரின் உடல்நிலையை அவரவரே விசாரிக்கலாம். சண்டைக்குப் பிறகு எப்போதும் யார் முதலில் பேசுகிறார் என்று ஒரு மாதம் இருவரும் கவனிக்கலாம்.

உலகில் ஊதியமில்லாப் பராமரிப்பு நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. நேரக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் பதிவாவது கை செய்யும் வேலைதான். அலுவலக மேசையில் இருந்தபடியே வீட்டை யோசிக்கும் நிமிடங்கள் அதில் ஏறுவது அரிது. அடுத்த கட்டுரையில் பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'நினைவில் வைப்பவர்' என்று ஒரு கட்டமும் சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்