மார்க் ஜான்சனுக்கு: அந்த ஒரு நொடி பற்றி

மதிப்புக்குரிய மார்க் ஜான்சன் அவர்களுக்கு,

வணக்கம். 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் உங்கள் அமெரிக்க அணி சோவியத் அணியை வென்ற நாள் பற்றி உங்களுக்கு எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் ரசிகர்கள் கூடி அந்த ஆட்டத்தைப் பேசும்போது உங்கள் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வருகிறது. முதலில் மைக் எருஸியோனியின் கோல். அடுத்து கோல்கீப்பர் ஜிம் கிரெய்க். பிறகு பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். அப்புறம் கடைசி நொடிகளில் "அற்புதங்களை நம்புகிறீர்களா?" என்று டிவியில் கத்திய அல் மைக்கேல்ஸ். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "ஆமாம், ஜான்சனும் ரெண்டு கோல் போட்டார்" என்பார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்காக விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் வந்தவன். குளிர்காலத்தில் ஊரே ஹாக்கி பார்க்கப் போகிறதே என்று நானும் போய், அதிலேயே ஊறிப்போனேன். லேபான் அரங்கில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் பயிற்சியாளராக நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிப்ரவரி 22, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இங்குள்ள பெரியவர்களிடம் கேட்காமல் விட்டதில்லை.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பாதிப் பேர் "நான் அதை லைவாகப் பார்த்தேன்" என்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதோ மாலை 5 மணிக்கு. இரவு எட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். மாஸ்கோவில் விடிகாலை நான்காகிவிடும் என்று சோவியத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அமெரிக்காவின் ஏபிசி டிவி பதிவுசெய்து, வெட்டிச் சுருக்கி, இரவில்தான் போட்டது. நேரடியாகப் பார்த்தது அரங்கில் இருந்தவர்களும், கனடாவின் சிடிவி சேனல் கிடைத்த எல்லையோரத்துக்காரர்களும்தான். இன்னும் பலருக்கு அதுதான் தங்கப் பதக்க ஆட்டம் என்றே நினைவு. ஆனாலும் அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கத்தில் அதை மனதில் வைத்திருக்கிறார்கள். டெஹ்ரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்திருந்தது, விலைவாசி எகிறிக்கொண்டிருந்தது. நல்ல சேதி எங்கிருந்தாவது வராதா என்று ஒரு நாடே காத்திருந்த நேரம் அது.

எதிரணி யார் என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கஷ்டம். 1964 முதல் 1976 வரை நான்கு ஒலிம்பிக், நான்கிலும் தங்கம். மிகைலோவ், கர்லாமோவ், மகாரோவ், ஃபெட்டிசோவ், கோலில் விளாதிஸ்லாவ் த்ரெத்யாக். நீங்களோ கல்லூரிப் பிள்ளைகள். லேக் பிளாசிட் போட்டிகள் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 9 அன்று, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இதே சோவியத் அணி உங்களை 10-3 என்று துவைத்துக் காயப்போட்டது. கத்துக்குட்டி அணி என்று சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டிய நிலைமை.

சரி, நான் பேச வந்தது முதல் பீரியடின் (ஒரு பீரியட் 20 நிமிடம், ஆட்டத்துக்கு மூன்று) கடைசி நொடிகளைப் பற்றி. பதிவை நிறுத்தி நிறுத்தி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சோவியத் 2-1 என்று முன்னிலை. கடிகாரம் ஓடி முடியப்போகிறது. உங்கள் அணியின் டேவ் கிறிஸ்டியன் நடுக்கோட்டுப் பக்கமிருந்து சும்மா ஓங்கி ஒரு அடி. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தால் த்ரெத்யாக் தூக்கத்திலும் தடுப்பார். தடுத்தார். ஆனால் பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) அவர் காலில் பட்டு முன்பக்கமாகத் தெறித்தது. அங்கே நின்ற இரண்டு சோவியத் தடுப்பாட்டக்காரர்களைப் பாருங்கள்: பீரியட் முடிந்துவிட்டது என்று உடம்பைத் தளர்த்திவிட்டார்கள். அந்த இருவருக்கும் நடுவே ஒருவர் மட்டும் வேகம் குறையாமல் வருகிறார். நீங்கள். பக்கை எடுத்து, த்ரெத்யாக்கை ஒரு பக்கம் இழுத்து, அவர் விழ, உள்ளே தள்ளுகிறீர்கள். 19 நிமிடம் 59 நொடி. 2-2.

கிறிஸ்டியன் அடித்தபோது எவரும் அதைக் கோல் முயற்சி என்றே நினைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் நிற்கவில்லை? ஹாக்கி பயிற்சியாளரான உங்கள் அப்பாவிடம் வளர்ந்தவர் நிற்க மாட்டார் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

அந்தக் கோல் செய்த வேலை ஸ்கோர்போர்டோடு முடியவில்லை. சோவியத் பயிற்சியாளர் திகோனோவ் கோபத்தில் த்ரெத்யாக்கையே வெளியே எடுத்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் இரண்டாம் பீரியடில் இறங்கவில்லை. பதிலுக்கு வந்த மிஷ்கின் லேசுப்பட்டவர் இல்லை. முந்தின ஆண்டுதான் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் நட்சத்திர அணியை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் 6-0 என்று மண்ணைக் கவ்வவைத்தவர். ஆனாலும் த்ரெத்யாக் இல்லாத கோலைப் பார்த்தபோது உங்கள் பெஞ்சில் என்ன நடந்திருக்கும்! அதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்று திகோனோவே பின்னாளில் சொன்னார். பல வருடம் கழித்து நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் ஃபெட்டிசோவ் உங்களோடு ஆட வந்தபோது, த்ரெத்யாக்கை ஏன் எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டீர்களாம். "கோச்சுக்குப் பைத்தியம்" என்று அவர் முடித்துக்கொண்டாராம். எனக்கு மிகப் பிடித்த பதில் அது.

இரண்டாம் பீரியடில் சோவியத் 12 முறை கோலை நோக்கி அடித்தது, நீங்கள் இரண்டே முறை. 3-2 என்று பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் கையைவிட்டுப் போகவில்லை என்றால் அது கிரெய்க் போட்ட பிச்சை. மொத்தம் 39 அடிகளில் 36-ஐத் தடுத்தவர். அவர் புகழில் ஒரு பொட்டுகூடக் குறைக்க எனக்கு மனசில்லை. மூன்றாவது பீரியடில், எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருந்த நேரம் முடியும் தறுவாயில், உங்கள் அணியின் சில்க்கிடமிருந்து நழுவி வந்த பக்கை மிஷ்கினுக்குக் கீழே அனுப்பி 3-3 ஆக்கியதும் நீங்கள்தான். அதிலிருந்து 81 நொடியில் எருஸியோனி அடித்தார். மிச்சமிருந்த பத்து நிமிடத்தை எல்லாரும் அறிவார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய கூட்டத்தில் எனக்குப் பிடித்த ரசிகர் ஒருவர் உண்டு. எரிக் ஹைடன். இதே மேடிசன் பையன், உங்களோடும் உங்கள் அணித்தோழர் பாப் சூட்டரோடும் சேர்ந்து வளர்ந்தவர். அதற்குள் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் நான்கு தங்கம் வாங்கியிருந்தார், மறுநாள் காலை 10,000 மீட்டர் பாக்கி. இருந்தும் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்து, அந்தப் பரபரப்பில் காலையில் நேரம் போவது தெரியாமல் தூங்கிவிட்டார். அவசரமாக ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய், உலக சாதனையோடு ஐந்தாவது தங்கம் எடுத்தார். உங்கள் கோலைப் பற்றிய ரசிகர் நினைவுகளில் இதைவிட அழகானதை நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்லாந்திடம் தோற்றிருந்தால் தங்கம் கிடையாது. இரண்டு பீரியட் முடிந்தபோது 2-1 என்று நீங்கள் பின்னால். அதிலிருந்து மீண்டு 3-2. பிறகு அடுத்தடுத்து தண்டனைகள், உங்கள் பக்கம் ஓர் ஆள் குறைவு, நகத்தைக் கடிக்கும் நேரம். அப்போது நாலாவது கோலைப் போட்டுப் பின்லாந்தின் மூச்சை நிறுத்தியது யார்? ஆள் குறைவாக ஆடும்போது கோல் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஹாக்கி ஆடியவர்களுக்குத் தெரியும். அந்த ஒலிம்பிக்கில் உங்கள் அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் நீங்கள்: 5 கோல், 6 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த உதவி).

உங்கள் அப்பா பாப் ஜான்சன் விஸ்கான்சினின் பயிற்சியாளர், புரூக்ஸ் மின்னசோட்டாவின் பயிற்சியாளர். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த கதை. எதிராளி வீட்டுப் பிள்ளையை நம்பி அணியின் தாக்குதலையே ஒப்படைத்த புரூக்ஸும் பெரியவர். அந்த மனிதருக்காக உயிரைக் கொடுத்து ஆடிய நீங்களும் பெரியவர். அப்பா 1991-ல் பிட்ஸ்பர்க் அணிக்கு என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்துவிட்டு அதே ஆண்டு மறைந்துவிட்டார். "ஹாக்கிக்கு இது நல்ல நாள்" என்று தினமும் சொல்வாராமே, இங்கே இன்னும் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள்.

2025 மார்ச்சில் மின்னியாபோலிஸில் உங்கள் பெண்கள் அணி ஆடிய தேசியக் கல்லூரி இறுதி ஆட்டத்தையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒஹையோ ஸ்டேட் 3-2 முன்னிலை, நொடிகள் எண்ணப்படுகின்றன. கோலுக்கு முன்னால் எதிரணியின் ஒரு கை பக்கை மூடியதை நீங்கள் கவனித்து மறுபரிசீலனை கேட்டீர்கள். பெனால்டி ஷாட் கிடைத்தது. 18.9 நொடி மிச்சமிருக்க உங்கள் அணியின் கிர்ஸ்டன் சிம்ஸ் அதை உள்ளே போட்டு, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். 4-3. உங்கள் எட்டாவது தேசியப் பட்டம். சிம்ஸும் மற்ற பெண்களும் 1980-ல் பிறந்திருக்கவே இல்லை. அவர்களில் யாராவது உங்களிடம் லேக் பிளாசிட் பற்றிக் கேட்டால், தயவுசெய்து எருஸியோனியிலிருந்து தொடங்காதீர்கள். 19 நிமிடம் 59 நொடியிலிருந்து தொடங்குங்கள்.

மிகுந்த அன்புடனும் மரியாதையுடனும்,
மேடிசனிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்