செயலாளரின் ஆண்டறிக்கை: கொழும்பைச் சுற்றிய ஊர்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள்

தலைவர் அவர்களே, தாய்மாரே, தந்தைமாரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு வத்தளை, றாகம, கம்பஹா, ஜா-எல, மகரகம போன்ற ஊர்களில்தான் போர்டிங். ஆகவே சங்கம் இவ்வாண்டு அதிகம் பேசியது, எங்கே அறை எடுப்பது என்பதைப் பற்றியே.

வாடகை குறைவென்று மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். வேலைத்தலம் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. பிரதான புகையிரதப் பாதையிலிருந்து புத்தளம் பாதை பிரிவது றாகமையில். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலையென்றால் கந்தானை, ஜா-எல, சீதுவை எல்லாம் ஒரே பாதை. கம்பஹாவில் தங்கி கோச்சியில் (புகையிரதத்தில்) போவதானால் றாகமையில் மாற வேண்டும். முதல் கோச்சி பிந்தினால் அடுத்ததும் தவறிவிடும். வத்தளை, கொழும்பு நகருக்குக் கிட்டத்தான், ஆனால் நீர்கொழும்பு வீதி பஸ்ஸை நம்பியிருக்க வேண்டும். காலையில் பேலியகொடை நெரிசலுக்கும் சேர்த்தே புறப்படுங்கள்.

ஹட்டன் பஸ்ஸில் வந்து அவிசாவளையில் களனிவெளி கோச்சிக்கு மாறலாம் என்று ஹோமாகம, மகரகமப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. முன்பு அது ஒடுக்கமான தண்டவாளம். 1990களில் அகலமாக்கினார்கள், பழைய வளைவுகள் அப்படியே இருப்பதால் கோச்சி வேகம் எடுக்காது. அவசரமென்றால் ஹைலெவல் வீதி பஸ்ஸே மேல்.

களனி கங்கைக்கு அருகே, வத்தளை, களனி, கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் கீழ்மாடி அறை எடுக்கவே வேண்டாம். நம் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் அந்தக் கங்கை. அங்கே மழை இல்லாவிட்டாலும் இங்கே கொட்டினால் அங்கே நீர் ஏறும். 2016 மே மாத வெள்ளம் நினைவிருக்கட்டும். சுவரில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். மேன்பவர் எனும் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக நாட்கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்கே இது அதிகம் விடுபடுகிறது. சம்பளச் சீட்டில் அங்கத்துவ இலக்கம் இல்லையென்றால் முதல் மாதமே கேட்க வேண்டும். வருடங்கள் போனபின் நிரூபிப்பது பெரும் பாடு, அது பிள்ளைகளின் வியர்வைப் பணம்.

வாக்காளர் இடாப்பில் பெயர் தோட்டத்து முகவரியில் இருக்கிறதா என்று வீட்டார் ஒவ்வொரு வருடமும் கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முன் கொழும்பு கோட்டையிலிருந்து வரும் கோச்சிகளுக்கு ஆசனப் பதிவை முற்கூட்டியே செய்ய, வரும் ஆண்டில் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரைப் பொறுப்பாக்கும் யோசனையைச் சபையின் முடிவுக்கு விடுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.