கன்னியா மரபணு ஆய்வுகூடக் கட்டட வேலை நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு,

கன்னியாக் குன்றுகளை அண்டிய கிராமங்களுக்கென எமது சங்கம் பொறுப்பேற்ற சிறிய மரபணு ஆய்வுகூடத்தின் கட்டட வேலைகள் யாவும் நிறைவெய்தி, தலசீமியா எனும் பரம்பரைக் குருதிச்சோகை நோய்க்கான பரிசோதனைகள் ஆரம்பமாகியுள்ளன என்பதை நிர்மாணக் குழு மகிழ்வுடன் அறியத் தருகின்றது. வரவு செலவு விபரம் கணக்காய்வாளரின் ஒப்பத்துடன் தனியாக இணைக்கப்பட்டுள்ளதால், வேலை ஏன் இவ்விதம் செய்யப்பட்டது என்பதையே இங்கு விளக்குகின்றோம்.

கூட்டங்களில் அதிகம் வாதிக்கப்பட்டது நடுச்சுவரைப் பற்றியே. இவ்வளவு சிறிய கட்டடத்தை ஒரே மண்டபமாக விட்டால் காற்றோட்டமாக இருக்குமே என்று பலர் கேட்டனர். ஆனால், மரபணுவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் மரபணுத் துண்டொன்று சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒரு பிரதி, கணக்குப்படி, நூறு கோடிக்கும் மேலாகிவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத சிறுதுளி அடுத்தவரின் மாதிரியில் கலந்தாலும் முடிவு பிழையாகிவிடும். ஆகவே குருதியிலிருந்து டி.என்.ஏ. பிரித்துக் கலவை தயாரிக்கும் அறை ஒரு புறமும், அதைப் பெருக்கி ஜெல்லில் (கூழ்த்தகட்டில்) ஓட்டிப் பார்க்கும் அறை மறுபுறமுமாக அமைக்கப்பட்டு, இடையே குழாய்த் தட்டு நுழையுமளவான சிறு யன்னலொன்று முதலறைப் பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும்படி பொருத்தப்பட்டுள்ளது. பிப்பெற்றுகளும் (திரவத்தை அளந்து எடுக்கும் குழாய்களும்) மேலங்கிகளும்கூட அறைக்கறை வேறு. இரண்டாம் அறைக்குரியவற்றில் சிவப்பு நாடா சுற்றப்பட்டிருக்கின்றது, அவை எக்காரணம் கொண்டும் முதலறைக்கு வரலாகா.

பி.சி.ஆருக்கு வேண்டிய நொதியங்களை -20 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டியுள்ளது. உறைபனியைத் தானாக உருக்கும் குளிர்ப்பெட்டி இடையிடையே சூடேறுவதால், விலை குறைவாகக் கிடைத்தும் அதனைத் தவிர்த்தோம். மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி இயங்கும்வரை பி.சி.ஆர். இயந்திரத்தைத் தாங்க மின்கல அமைப்பொன்று உண்டு. கச்சான் காலப் புழுதிக்காக யன்னல்களுக்கு இறப்பர் விளிம்பு இடப்பட்டது, அழகுக்குக் குறைவுதான்.

எல்லாப் பரிசோதனைகளையும் இங்கேயே செய்வதென்ற ஆசையைக் குழு ஏற்கவில்லை. செங்குழியத்தின் சராசரிக் கனவளவு 80 பெம்டோலீற்றருக்கோ, அதிலுள்ள ஈமோகுளோபின் (ஒட்சிசனைக் காவும் புரதம்) 27 பிக்கோகிராமுக்கோ குறைந்தவர்கள் மட்டுமே அடுத்த கட்டத்துக்கு எடுக்கப்படுவர். இரும்புச்சத்துக் குறைவும் இதே தோற்றத்தைத் தருமாதலால், ஈமோகுளோபினின் ஒரு வகையான ஈமோகுளோபின் ஏ2 அளவுக்காக மாதிரி பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். தலசீமியாவின் ஒரு வகையான பீட்டா தலசீமியாவின் காவிகளில் (நோயின்றிக் குறைபாட்டு மரபணுவை மட்டும் கொண்டவர்களில்) அது பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இலங்கையில் பரவலாகக் காணப்படும் ஐ.வி.எஸ். 1-5, ஐ.வி.எஸ். 1-1 எனும் பீட்டா தலசீமியா மரபணு மாற்றங்களையும், ஈமோகுளோபின் ஈ எனும் மாறுபட்ட ஈமோகுளோபின் வகையையும் மட்டும் இங்கு நேரடியாகத் தேடுகின்றோம்.

வாசலருகே கதவுடன் கூடிய சிறு அறையொன்று வரைபடத்தில் இருக்கவில்லை, பின்னர் சேர்க்கப்பட்டது. காவிக்கு நோயில்லை, ஆனால் தாய் தந்தை இருவரும் பீட்டா தலசீமியாக் காவிகளாயின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கிலுள்ள எம்மூரில் இச்செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அங்கத்தவர்கள் அறிவீர்கள். முடிவு உரியவர் கையிலேயே அவ்வறையில் வைத்து விளக்கிக் கொடுக்கப்படும். தரகருக்கோ மாமன்மாருக்கோ, எமது குழு உறுப்பினருக்கோகூட, சொல்லப்படமாட்டாது.

ஒப்பந்தகாரருக்குரிய தொகையில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வரும் மாரி முடிந்து, கூரையில் ஒழுக்கில்லையென மேற்பார்வையாளர் எழுத்தில் தந்த பின்னரே அது விடுவிக்கப்படும்.

நிர்மாணக் குழு,
திருகோணமலை.