57 நாற்காலிகளும் ஒரு மேசையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

நாள்: 16.07.2025

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை (19.07.2025) பிற்பகல் 2 மணிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நம் பள்ளி மண்டபத்தில், ஆளுக்கொரு நாட்டின் சார்பில் பேசும் ஒரு மாதிரி மாநாடு நடத்துகிறார்கள். சென்ற வாரம் பிள்ளைகளின் குறிப்பேட்டில், "இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு – மாதிரி மாநாடு. பெற்றோர் கையொப்பம் தேவை" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டோம். அது என் தவறு. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரே நாளில் இரண்டு பெற்றோர் என் அறைக்கு வந்தார்கள். காலையில் வந்தவர், "பள்ளிக்கூடத்தில் மதப் பிரசாரம் எதற்கு, சார்?" என்று கேட்டார். மாலையில் வந்தவர், "எங்கள் மார்க்கத்தைப் பிள்ளைகள் மேடையேற்றி விளையாட்டாக்கிவிடக் கூடாது" என்றார். இருவருக்கும் ஒரே தேநீர், ஒரே பதில். அந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எல்லாம் ஜூன் 10ஆம் தேதி காலை வழிபாட்டில் தொடங்கியது. அந்த நாளை நாகரிகங்களுக்கிடையிலான உரையாடலுக்கான சர்வதேச தினமாக ஐ.நா. பொதுச் சபை 2024இல் அறிவித்தது. இந்த ஆண்டுதான் முதல் முறையாக அனுசரிக்கப்பட்டது. நானும் ஐந்து நிமிடம் பேசினேன். அமைதி, மனித கண்ணியம், சகோதரத்துவம் என்று இத்தகைய நாள்களுக்கென்றே எடுத்துவைத்திருக்கும் சொற்கள். இறங்கி வரும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வழிமறித்து, "சார், உரையாடல் என்றீர்களே, யார் யாரோடு எதைப் பற்றிப் பேசினார்கள்?" என்று கேட்டான். 22 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். சட்டென்று சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

மறுநாள் சொன்னது "நாகரிகங்களின் உரையாடல்" என்ற சொற்றொடரின் கதையை. உலகில் இனி நாகரிகங்கள் மோதிக்கொள்ளும் என்று அமெரிக்கப் பேராசிரியர் சாமுவேல் ஹண்டிங்டன் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு எதிர்ச்சொல்லாக "உரையாடல்" என்பதை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனவர் அன்றைய ஈரான் அதிபர் முகம்மது காத்தமி. 1997 டிசம்பரில் இஸ்லாமிய நாடுகளின் உச்சி மாநாடு அவர் தலைமையில் தெஹ்ரானில் கூடியிருந்தது. 1998இல் அவர் ஐ.நா.வில் பேசினார், 2001ஆம் ஆண்டை நாகரிகங்களின் உரையாடல் ஆண்டாகக் கொண்டாடுவதென்று பொதுச் சபை அதே ஆண்டு நவம்பரில் தீர்மானித்தது. அந்த 2001இல் என்ன நடந்தது? மார்ச் மாதம் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முஸ்லிம் அறிஞர்களின் குழு ஒன்றே காந்தஹார் வரை போய்த் தடுத்துப் பார்த்தது, பலிக்கவில்லை. செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பெரிய சொற்களைக் கண்டு சிரிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம்தான் சிறிய காரியங்களைப் பற்றிப் பேச முடியும். ஆகவே தீர்மானங்களை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையிலேயே மேசை போட்டு உட்கார்ந்த இடங்களைத் தேடினோம். மாதிரி மாநாடு அப்படிப் பிறந்ததுதான்.

நாங்கள் எடுத்துக்கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு உருவானதே ஒரு தீயினால். 1969 ஆகஸ்ட் 21 அன்று ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசலுக்கு ஆஸ்திரேலியர் ஒருவர் தீ வைத்தார். மனநலம் குன்றியவர் என்று பின்னர் நீதிமன்றம் கண்டது. சுல்தான் சலாஹுத்தீன் காலம் முதல் அங்கிருந்த மரத்தாலான பிரசங்க மேடை எரிந்துபோனது. அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டம்தான் வளர்ந்து, இன்று ஜித்தாவில் தலைமையகமும் 57 உறுப்பு நாடுகளும் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பாக நிற்கிறது. தென் அமெரிக்காவின் கயானாவும் சூரினாமும் கூட உறுப்பினர்கள் என்பதை நம்பாமல் பிள்ளைகள் நிலப்படத்தை இரண்டு முறை விரித்துப் பார்த்தார்கள்.

"இந்தியா ஏன் இல்லை?" என்ற கேள்வி வராமல் இருக்குமா? இவ்வளவு முஸ்லிம் மக்கள் வாழும் நாடு அல்லவா? 1969இல் ரபாத்துக்கு இந்தியாவுக்கும் அழைப்பு வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஃபக்ருதீன் அலி அகமது தலைமையில் நம் தூதுக்குழு போய்ச் சேர்ந்தது. இந்தியா உட்கார்ந்தால் தான் வர முடியாது என்று பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் பிடிவாதமாக நின்றார். கடைசியில் இந்தியா இல்லாமலே கூட்டம் முடிந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச் 1 அன்று, அபுதாபியில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் சுஷ்மா ஸ்வராஜ் கௌரவ விருந்தினராகப் பேசினார். அன்று பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் வரவில்லை. காஷ்மீர் குறித்து இந்த அமைப்பு வெளியிடும் தீர்மானங்களை நம் அரசு தொடர்ந்து நிராகரித்து வருகிறது. அதையும் மறைக்காமல் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். மாநாட்டின் முதல் காட்சி, காலியாக இருந்த இந்த இரண்டு நாற்காலிகளைப் பற்றியது. காலையில் வந்த பெற்றோருக்கு நான் படித்துக் காட்டியதும் இந்தப் பகுதியைத்தான்.

இரண்டாம் காட்சிதான் பெரியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அதன் தெற்கே மிண்டனாவோ தீவில் மோரோ முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். வடக்கிலிருந்து குடியேற்றம் பெருகி, நிலம் கைமாறி, 1970களின் தொடக்கத்தில் நூர் மிசுவாரியின் தலைமையில் ஆயுதப் போராட்டம் வெடித்தது. முஸ்லிம் நாடுகள் என்ன செய்யும் என்று வகுப்பில் கேட்டேன். "ஆயுதம் கொடுத்துத் தனி நாடு வாங்கித் தருவார்கள்" என்றார்கள் பலர். போராளிகளுக்கு லிபியா உதவியது உண்மைதான். ஆனால் அமைப்பாகக் கூடியபோது எடுத்த முடிவு வேறு. லிபியா, சவூதி அரேபியா, செனகல், சோமாலியா ஆகிய நான்கு நாடுகளின் குழு இரு தரப்பையும் உட்கார வைத்தது. 1976 டிசம்பர் 23 அன்று திரிப்போலியில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 13 மாகாணங்களுக்குத் தன்னாட்சி, பிலிப்பைன்ஸின் இறையாண்மையும் எல்லைகளும் அப்படியே இருக்கும். சொந்த மதத்தவரின் பக்கம் நின்றுகொண்டே, "நாட்டைப் பிரிக்காதே" என்றும் அவர்களிடம் சொன்னார்கள்.

ஒப்பந்தம் ஓராண்டு கூட நிலைக்கவில்லை. அதிபர் மார்கோஸ் தன் விருப்பப்படி வாக்கெடுப்பு நடத்தினார், போராளிகள் ஏற்கவில்லை, துப்பாக்கிகள் மீண்டும் பேசின. பிறகு இந்தோனேசியா வந்து நடுவில் உட்கார்ந்தது. 1996இல் இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் மிசுவாரியிடமிருந்து பிரிந்துபோன மற்றோர் இயக்கம் வளர்ந்துவிட்டது. அரசுக்கும் அவர்களுக்கும் நடுவே உட்கார்ந்து மலேசியா பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. 2014 மார்ச் 27 அன்று விரிவான உடன்பாடு ஏற்பட்டது. அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரொனெல் ஃபெர்ரர் என்ற பெண் பேராசிரியர். 2019இல் மக்கள் வாக்களித்து பாங்சமோரோ தன்னாட்சிப் பகுதி அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இன்றும் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. பேசுவதைக் கைவிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு சிறு விலகல். எரிந்துபோன அந்தப் பிரசங்க மேடையைப் பழைய முறையிலேயே, ஆணி அடிக்காமல், ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஜோர்தானில் செய்து முடித்தார்கள். பல நாட்டுத் தச்சர்கள் அதில் கைவைத்தார்கள். 2007இல் அது அல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. இதைக் கேட்டதும் மாணவி ஒருத்தி கணக்குப் போட்டாள்: 1969 முதல் 2007 வரை 38 ஆண்டுகள், 1976 முதல் 2014 வரையும் 38 ஆண்டுகள். தற்செயல்தான் என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது காட்சி காம்பியா. நாடுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது சவூதி, துருக்கி, ஈரான் கேட்டு அடித்துக்கொண்டார்கள். காம்பியா வந்த மாணவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வகுப்பு நிலப்படத்தில் அது ஒரு நதியின் இரு கரை, அவ்வளவுதான். கடல் தவிரச் சுற்றிலும் செனகல். அந்தக் குட்டி நாடு, இந்த அமைப்பின் ஆதரவோடு, மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்களுக்காக அந்நாட்டின் மீது 2019 நவம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது. அதற்குக் காரணமாக இருந்த நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாது, முன்பு ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் குற்றம் சாட்டும் தரப்பில் பணியாற்றியவர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமில் அகதிகள் சொன்னதைக் கேட்டபோது பழைய சாட்சியங்கள் அவர் நினைவுக்கு வந்தன. 2020 ஜனவரி 23 அன்று, ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால ஆணையிட்டார்கள். காம்பியாவை யாருக்கும் விட்டுக்கொடுக்க இப்போது அந்த மாணவி தயாராக இல்லை.

இந்த அமைப்பைப் புகழ்ந்து பாடும் நிகழ்ச்சி இது இல்லை. ஈரானும் ஈராக்கும் எட்டு ஆண்டுகள் போரிட்டபோது இரண்டுமே உறுப்பினர்கள்தான். சமரசக் குழு போய்வந்ததே தவிரப் போர் நிற்கவில்லை. இஸ்ரேலோடு உடன்பாடு செய்ததற்காக 1979இல் எகிப்தையே வெளியே நிறுத்தினார்கள், பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறர் நாட்டில் முஸ்லிம்களின் கண்ணியம் பற்றிப் பேசுபவர்கள் தங்கள் நாட்டுச் சிறுபான்மையினரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் பிள்ளைகள் கேட்டார்கள். 2016 ஜனவரியில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் நூற்றுக்கணக்கான முஸ்லிம் அறிஞர்கள் கூடி, மதீனா நகரில் முஸ்லிம்களும் பிற மதத்தவரும் சேர்ந்து வாழ நபிகள் நாயகம் செய்த மதீனா சாசனத்தை எடுத்துக்காட்டி, முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் பிற மதத்தவரின் உரிமைகளைக் காக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். பிரகடனம் சட்டமாகிவிடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எழுத்துப்படியில் குறித்திருக்கிறோம். மாலையில் வந்த பெற்றோர் இந்தப் பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மதீனா சாசனம் பற்றி நாங்கள் எழுதியிருந்த ஒரு பிழையைத் திருத்தியும் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

இனி சில நடைமுறை விஷயங்கள்.

யாரும் வேடம் போட வேண்டாம். ஒட்டுத்தாடி, தலைப்பாகை, வாடகை உடை எதுவும் கூடாது, பள்ளிச் சீருடைதான். பெயர்ப்பலகைகளைத் தமிழில் பிள்ளைகளே எழுதிவிட்டார்கள். இரண்டு பிரிவிலும் சேர்த்து மாணவர்கள் 61 பேர்: 57 நாடுகள் போக மீதி நால்வரில் இருவர் பிலிப்பைன்ஸ் அரசு, ஒருவர் மோரோ தரப்பு, ஒருவர் நிருபர். பேச்சைத் தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். துருக்கியின் பேச்சு ஒரு மாமாவின் கைவண்ணம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அவையில் ஒரே விதி: எதிர்த்துப் பேசுகிறவர், முதலில் எதிராளி சொன்னதை அவர் தலையசைக்கும்படி திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் மறுக்கலாம். ஒத்திகையில் இதற்கே பாதி நேரம் போகிறது. பார்வையாளர் வரிசையிலிருந்து கேள்வி கேட்கும் பெற்றோருக்கும் இதே விதிதான். எனக்கும்தான்.

பிற்பகல் 3.45க்கு 20 நிமிட இடைவேளை; தொழுகைக்குச் செல்வோர் சென்று வரலாம். அப்போது எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு உண்டு. 5 மணிக்குள் முடித்துவிடுவோம். வெளியூர்ப் பிள்ளைகள் 5.20 பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஜித்தாவிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் அப்பாக்களுக்காக நிகழ்ச்சியைப் பதிவு செய்து வகுப்பாசிரியர் வழியே அனுப்புவோம்.

மண்டபத்தில் இருப்பவை 40 நாற்காலிகள். பெற்றோர் கழகம் இன்னும் 30 தருவதாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் மடக்கு நாற்காலி இருப்பவர்கள் பின்பக்கம் பெயர் எழுதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தனுப்புங்கள். நடுவில் போட வேண்டிய மேசையை நம் மாணவனின் தந்தை, தச்சர், இழைத்துக்கொண்டிருக்கிறார். ஆணி அடிக்காமல் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டார். சனிக்கிழமைக்குள் முடியுமானால் செய்யுங்கள் என்றேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்