வெறும் சர்வேயரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜார்ஜ் வாஷிங்டன் பற்றிய கட்டுரையில், 'வெறும் சர்வேயராக இருந்தவர்' என்று ஒரு வரி. கையிலிருந்த காபி ஆறியதுதான் மிச்சம்.

நான் 31 வருடம் குறுவட்ட அளவராக வெயிலில் காய்ந்தவன். தங்களுக்குத் தெரியாததில்லை, 1749-இல் வர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டிக்கு அவர் சர்வேயரானபோது வயது 17. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட 200 நிலங்களை அளந்தார். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஜமுக்காளம் மாதிரி நைந்த ஒரு கம்பளியும், அதன் எடைக்கு இரண்டு மடங்கு பேனும் தெள்ளுப்பூச்சியும்தான் படுக்கை என்று 16 வயதில் நாட்குறிப்பு எழுதிய பையன் அவர். அளந்த கூலியில்தான் 1750-இல் முதன்முதலாக நிலம் வாங்கினார்.

அப்புறம் அரசியல். 1755-இல் தோற்று, 1758-இல் பிரெடரிக் கவுண்டியில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். நிலம் அளக்கும் சங்கிலியோடு அவர் அலைந்து திரிந்த அதே பகுதிதான். அந்தத் தேர்தலில் அவர் செலவில் வாக்காளர்களுக்கு ஊற்றிய ரம், ஒயின், பீர் எல்லாம் சேர்த்து சுமார் 160 கேலன். கட்டுரையில் அதைக் காணோம். நம் ஊர் வேட்பாளர்கள் வருத்தப்படுவார்கள் என்று விட்டுவிட்டீர்களோ?

நாங்கள் பட்டது யாருக்குத் தெரியும்? ஒருமுறை அண்ணன் தம்பி பாகத் தகராறு. நில அளவை வரைபடமான புலப்படத்தில் இருக்கும் கல் வயலில் இல்லை. அரை நாள் தேடிவிட்டு, தண்ணீர் கேட்டு அண்ணன் வீட்டுக் கொல்லைக்குப் போனால், அந்த எல்லைக்கல்மேல் அவர் மனைவி துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்! கல்லைக் காட்டியதற்கு எனக்குக் கிடைத்த பெயர், 'தம்பிகிட்ட காசு வாங்கிட்டான்'.

உங்கள் பொங்கல் மலரில் வந்த 'சர்வேயரும் சேவலும்' ஜோக்கையும் நான் மறக்கவில்லை. அதற்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் பிரசுரமாகவில்லை. இடமிருந்திருக்காது, சரி.

ஜனாதிபதிப் பதவியெல்லாம் பார்த்து முடித்து, 1799 நவம்பரில், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 67 வயதில் தன் நிலத்தை அளக்கத் தானே கிளம்பிப் போனவர் வாஷிங்டன். வெறும் சர்வேயராம்.

பெரிய மறுப்பெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் ஒரு மூலையில் 'வெறும்' என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும் என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற குறுவட்ட அளவர்,
உத்திரமேரூர்.